கோடு எழாத சாம்பிள்

1. பூஜ்யம்

பக்கிரிசாமி ஐயாவின் ரிப்போர்ட் கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தபோது, ஸ்கோர் என்ற இடத்தில் பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது. அவரும் அவர் மகளும் மாடியில் டாக்டர் அறை வாசலில் காத்திருந்தார்கள். பூஜ்யம் என்றால் அவருக்கு இன்னொரு பயாப்சி தேவையில்லை என்று டாக்டர் முடிவு செய்யக்கூடும். அவர் எதிர்பார்த்து வந்ததும் அதுதான். நான் கையெழுத்துப் போடவில்லை.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அதனால் டெஸ்ட் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாலிக்குலர் லேபில் பொறுப்பாளர். கொரோனா காலத்தில் எங்களுக்கு ஒரு ஆர்.டி.-பி.சி.ஆர். மெஷின் வந்தது. அந்தக் கூட்டம் ஓய்ந்த பிறகு மெஷின் பாதி நேரம் துணி போர்த்தியபடி நின்றது. யூராலஜி டாக்டர் ரகுநாதன்தான் அதற்கு இந்த வேலையைக் கொண்டுவந்தார்.

ப்ராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளப்பது வழக்கம். அது கேன்சரால் மட்டும் ஏறுவதில்லை. வயதானால் ஏறும், சுரப்பி வீங்கினால் ஏறும், கிருமி தொற்றினாலும் ஏறும். ஏறியிருக்கிறது என்றால் ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்சி. ஒரு தடவை எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்து, அதன் பிறகும் பி.எஸ்.ஏ. இறங்காமல் இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். திரும்பவும் குத்துவதா, விட்டுவிட்டுக் கவனித்துக்கொண்டிருப்பதா?

அந்த இடத்தில் உதவுவது ஒரு ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது, அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் எந்தப் புரதத்தையும் செய்யாமல், நகலாகவே இருந்து செல்லுக்குள் வேறு வேலை பார்க்கிற ஆர்.என்.ஏ.க்கள் ஏராளம். அவற்றில் ஒன்று பி.சி.ஏ. 3. ப்ராஸ்டேட் கேன்சர் செல்களில் பெரும்பாலும் இது மிக அதிகமாக உருவாகிறது. அந்தச் செல்கள் சில சிறுநீரோடு வெளியே வருகின்றன. சிறுநீரில் இதை அளந்தால் ஊசி இல்லாமலே ஒரு தகவல் கிடைக்கும். பயாப்சிக்கு இது மாற்று இல்லை. பயாப்சி வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான்.

பி.சி.ஏ. 3-ஐ மட்டும் அளந்தால் போதாது. சிறுநீரில் எத்தனை ப்ராஸ்டேட் செல்கள் வந்தன என்று தெரிய வேண்டும். அதற்காகப் பி.எஸ்.ஏ.வின் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து அளப்போம். நல்ல செல்லானாலும் கெட்ட செல்லானாலும், ப்ராஸ்டேட் செல் என்றால் அது இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்து வருவதுதான் ஸ்கோர். மெஷின் திரையில் இரண்டும் தனித்தனிக் கோடுகளாக எழும்பும். பக்கிரிசாமி ஐயாவின் சாம்பிளில் பி.சி.ஏ. 3 கோடு எழும்பவில்லை. பி.எஸ்.ஏ. கோடும் எழும்பவில்லை. மென்பொருள் அதைப் பூஜ்யம் என்று அச்சடித்துவிட்டது.

2. மாடியிலிருந்து போன்

டாக்டர் ரகுநாதன் கூப்பிட்டார்.

"மேடம், பக்கிரிசாமி ரிப்போர்ட் என்னாச்சு? ஆளு வாசல்லயே நிக்கிறாரு. உள்ள போறவங்க வர்றவங்களை எல்லாம் மொறைக்கிறாரு."

"ஸ்கோர் குடுக்க முடியாது சார். பி.எஸ்.ஏ. ஆர்.என்.ஏ.வே வரல. சாம்பிள்ல ப்ராஸ்டேட் செல்லு இல்லாத மாதிரி இருக்கு."

"கன்ட்ரோல் எப்படி?"

"ரெண்டும் சரியா இருக்கு. நஸீமா இன்னொரு ரன் போட்டுப் பாத்துட்டா. அதேதான்."

கன்ட்ரோல் என்பது மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க உடன் ஓட்டுகிற, விடை முன்பே தெரிந்த சாம்பிள். நஸீமா எங்கள் டெக்னீஷியன். நாகூரிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை பார்க்கிறாள். அவள் ரன் போட்டால் நான் சந்தேகப்படுவதில்லை.

டாக்டர் விடவில்லை.

"இந்த ஆளு திரும்ப வர மாட்டாரு மேடம். போன பயாப்சிக்கு அப்புறம் காய்ச்சல் வந்து ஐ.சி.யூ.ல கெடந்தாரு. இந்த டெஸ்டுக்கே அந்தப் பொண்ணு கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிட்டு வந்திருக்கு."

"தெரியும் சார்."

"பூஜ்யத்தைப் போட்டு, கீழ ஒரு நோட் போட்டா?"

"நோட்டை நீங்க படிப்பீங்க சார். அவரு மேல இருக்கறதை மட்டும் படிச்சிட்டு பஸ் ஏறிடுவாரு."

"அதுவும் சரிதான்" என்றார். "ஒண்ணு பண்ணுவோம். அவரைக் கீழ அனுப்பறேன். நீங்களே சொல்லிடுங்க. திட்டு வாங்கறதுன்னா ஆளுக்குப் பாதி."

இதற்கு முன்பும் சிலருடைய சாம்பிள்கள் இப்படி வெறுமையாக வந்ததுண்டு. சாம்பிள் போதவில்லை என்று எழுதி அனுப்பினால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அல்லது எங்கும் போக மாட்டார்கள். காரணம் கேட்க ஆள் எதிரில் இருந்தது அன்றைக்குத்தான்.

3. நிரம்பிய டப்பா

பக்கிரிசாமி ஐயா பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவர் அப்பா காலம் வரை பிறர் வயலில் கூலி வேலை. இவர் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கி, இப்போது சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். மகள் தமிழரசி கும்பகோணத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. இயற்பியல் எடுக்கிறார்.

நாற்காலியில் உட்காரும் முன்பே ஐயா கேட்டார்.

"என்னம்மா, இல்லன்னு வந்துருச்சா?"

"இல்லன்னும் சொல்ல முடியல, இருக்குன்னும் சொல்ல முடியலைங்க ஐயா. சாம்பிள் பத்தல."

"பத்தலையா? டப்பா நெறையக் குடுத்தனே. மூடி போடறப்ப வழிஞ்சுது."

"அளவைச் சொல்லலப்பா" என்றார் தமிழரசி.

"அதுல பாக்க வேண்டிய செல்லு இல்லைங்க ஐயா. ப்ராஸ்டேட் சுரப்பியிலேருந்து செல்லு வந்தாத்தான் நல்லதா கெட்டதான்னு பாக்கலாம். ஒண்ணுகூட வரல."

"அப்ப என் ஒடம்புல அந்தச் சாமானே இல்லங்கறீங்க. அது இருந்துக்கிட்டுதானே இத்தன நாளா உசுர எடுக்குது."

நஸீமா எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த டெஸ்டில் சாம்பிள் எடுக்கிற முறை மற்ற டெஸ்டுகளைப் போல இல்லை. டாக்டர் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலால் ப்ராஸ்டேட்டை அழுத்துவார். அப்போது சுரப்பியிலிருந்து செல்கள் சிறுநீர்க் குழாய்க்குள் வந்து நிற்கும். அடுத்து முதலில் வருகிற சிறுநீர் அவற்றை அடித்துக்கொண்டு வெளியே வரும். எங்களுக்கு வேண்டியது அந்த முதல் சிறுநீர். டாக்டர் அறை மாடியில். டப்பா கொடுக்கிற கவுன்ட்டர் கீழே. நடுவில் மாடிப்படி, கழிப்பறை, கேன்டீன்.

சாம்பிள் கொடுத்த அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் என்ன செய்தார் என்று ஐயாவிடம் வரிசையாகக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். தமிழரசி கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் வெளில இருக்கேன்ப்பா" என்று எழுந்து போனார். அதன் பிறகும் ஐயா என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவரு அப்படிப் பாத்தப்பறம் மனுசன் எப்படிம்மா அப்படியே இருக்கறது? நேரா பாத்ரூமுக்குப் போயி, நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டு, கையி காலு அலம்பிட்டுத்தான் வந்தேன்."

"கழுவறப்ப யூரின் போனீங்களா?"

"தண்ணி பட்டா போவாம நிக்குமா? அது பாட்டுக்குப் போச்சு. அது அசிங்கம்தானே, அதையா உங்ககிட்ட குடுக்கறது? அப்பறம் கேன்டீன்ல டீ குடிச்சேன். தண்ணி குடிச்சேன். நல்லா வந்தப்பறம், டப்பா வாங்கி, அதுலயும் மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல புடிச்சுக் குடுத்தேன்."

"எங்க சீட்டுல முதல் யூரின்னு போட்டிருக்குங்களே ஐயா. பாக்கலையா?"

"பாத்தேன். தப்பா அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். சக்கரைக்கு வருசக்கணக்கா குடுக்கறேன்மா. கும்மோணத்துல எத்தன லேபு! மொதல்ல விடு, நடுவுல புடின்னு அத்தன பேரும் சொல்லுவான். நீங்க மட்டும் மாத்திப் போட்டிருந்தா நான் என்னான்னு நெனைக்கிறது? ஏதோ புள்ளைங்க தெரியாம அடிச்சிருக்குன்னு நானே சரி பண்ணிக் குடுத்தேன்."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கிருமி பார்க்கிற சிறுநீர் டெஸ்டுக்கு நடுச் சிறுநீர்தான் சரி. அதைத்தான் எல்லா லேபும் எல்லா டெஸ்டுக்கும் சொல்லிப் பழக்கியிருக்கிறது. எங்கள் சீட்டு முதல் சிறுநீர் என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. அழுத்தி வரவழைத்த செல்கள் மாடிக் கழிப்பறையிலேயே போய்விட்டன என்று அவருக்கு விளக்கினேன்.

"அட, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"இனிமே சொல்லுவோங்க. இன்னொரு தடவை டாக்டர் பாத்துட்டாருன்னா உடனே எடுத்துடலாம்."

"அது மட்டும் முடியாது" என்று எழுந்துவிட்டார்.

தமிழரசி உள்ளே வந்தார். முதலில் தணிவாகத்தான் பேசினார்.

"அப்பா, ஊசி இல்ல, ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிசம்."

"ஒனக்கென்ன தெரியும் அஞ்சு நிமிசம். போன தடவை வீட்டுக்குப் போயி ரெண்டு நாளு நான் ஒருத்தன் மூஞ்சியும் பாக்கல."

"இருக்கா இல்லையான்னே தெரியல. இதை மனசுல வச்சுக்கிட்டு நான் எப்படிப்பா நிம்மதியா கிளாசுக்குப் போறது?"

"நாத்து முத்துது தமிழு. ஆளு சொல்லியாச்சு. தண்ணி வர்றப்ப நட்டாத்தான் உண்டு."

"நடவை நான் லீவு போட்டுப் பாத்துக்கறேன்."

"நீ வரப்புல நின்னன்னா நடவாளுக்கெல்லாம் வீட்டுப்பாடம் குடுப்ப. வா, பஸ்ஸு போயிடும்."

தமிழரசி என்னைப் பார்த்தார். பூஜ்யம் என்று கொடுத்திருந்தால் அவர்கள் இருவரும் அன்று சண்டை போட்டிருக்க மாட்டார்கள். சாம்பிள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐயா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

4. மக் இல்லாத கழிப்பறை

அன்று மாலை டாக்டர், நஸீமா, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். வெறுமையாக வந்த முந்தைய சாம்பிள்களும் இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. நம்மூர் ஆண்கள் அந்தப் பரிசோதனைக்குப் பிறகு கழுவாமல் இருக்க மாட்டார்கள். கழுவாதீர்கள் என்று சீட்டில் அடித்தாலும் பயனில்லை. எனவே வரிசையை மாற்றினோம். டப்பாவை டாக்டர் அறையிலேயே, பரிசோதனைக்கு முன்பே கையில் கொடுப்பது. அந்த அறையோடு சேர்ந்த கழிப்பறையை மட்டும் பயன்படுத்துவது. டப்பா வெளியே வருகிற வரை மக், வாளி இரண்டையும் கழிப்பறையிலிருந்து எடுத்து வைப்பது. இது நஸீமாவின் யோசனை.

காரணத்தை டாக்டரே வாயால் சொல்வதாக ஏற்றுக்கொண்டார். "நான் அழுத்தினதுல செல்லு குழாய்க்குள்ள வந்து நிக்குது. மொதல்ல வர்றதுலதான் அது வெளில வரும். அதைக் குடுத்துட்டு எவ்வளவு வேணும்னாலும் கழுவுங்க." இவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த சாம்பிள்களில் கோடுகள் ஒழுங்காக எழும்பின. வெறுமையாக வருவது அரிதாகிவிட்டது.

பக்கிரிசாமி ஐயாவை நாங்கள் கூப்பிடவில்லை. தமிழரசிதான் இரண்டு முறை போன் செய்து, "அப்பா இன்னும் மசியல மேடம்" என்றார்.

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய பிறகு ஒரு காலையில் அவர் தனியாக வந்து லேப் வாசலில் நின்றார். வேட்டி சட்டை சலவை செய்ததாக இருந்தது.

"தமிழுக்குச் சொல்லல. சொன்னா லீவு போட்டுட்டு வந்து நிக்கும்."

"உக்காருங்க ஐயா. நடவு ஆயிடுச்சுங்களா?"

"ஆச்சு. களை ஒண்ணு எடுக்கணும். வரப்புல நின்னாலும் அந்தப் பேப்பரு நெனப்புதான்மா வருது. இருக்குன்னாலும் ஒரு வழி. இல்லன்னாலும் ஒரு வழி. நடுவுல நிக்கறது ரோதனையா இருக்கு. இன்னிக்கே பாத்துருங்க, மனசு மாறறதுக்குள்ள."

டாக்டரிடம் சொல்லி முன்னால் அனுப்ப ஏற்பாடு செய்தேன். கொஞ்ச நேரத்தில் டப்பாவைத் தாளில் சுற்றிக்கொண்டு அவரே கீழே இறங்கி வந்தார்.

"மக்கை எடுத்து ஒளிச்சு வச்சது நீங்கதானா? பைப்பு மட்டும் இருக்கு, எதால புடிச்சு ஊத்தறது? நல்ல ஆளுங்கம்மா நீங்க."

"இப்ப போங்க ஐயா, வச்சிருப்பாங்க."

"வாங்கிட்டேன், வாங்கிட்டேன். கேட்டு வாங்கி ரெண்டு வாளி ஊத்திட்டுத்தான் வர்றேன்."

சிறுநீரில் ஆர்.என்.ஏ. வேகமாகச் சிதையும். நஸீமா சாம்பிளை உடனே, அது சிதையாமல் காக்கிற பஃபர் திரவத்தில் கலந்து வைத்தாள். ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து மெஷினில் ஏற்றியது மறுநாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். முதலில் பி.எஸ்.ஏ. கோடு தெளிவாக எழும்பியது. சாம்பிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சற்றுப் பொறுத்துப் பி.சி.ஏ. 3 கோடும் எழும்பியது.

"மேடம், வந்திருச்சு" என்றாள் நஸீமா. குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு திரையை மறுபடியும் பார்த்தாள்.

ஸ்கோர் நாங்கள் வைத்திருக்கும் எல்லைக்கு நன்றாகவே மேலே இருந்தது. கன்ட்ரோலைச் சரிபார்த்தேன். பெயர், எண், தேதி சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

5. தமிழரசியின் கேள்வி

ரிப்போர்ட் வாங்க இருவரும் வந்தார்கள். டாக்டர் விஷயத்தைச் சொல்லி, பயாப்சி தேவை என்றார். இந்த முறை குடல் வழியாக ஊசி போகாது, விதைப்பைக்குப் பின்னால் தோல் வழியாகப் போகும், கிருமி தொற்றுகிற வாய்ப்பு குறைவு என்றும் விளக்கினார். ஐயா வாக்குவாதம் செய்யவில்லை. "அறுப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேட்டார். முன்னாடி என்றார் டாக்டர். அப்படியே செய்தார்கள். காய்ச்சல் வரவில்லை. கேன்சர் இருந்தது. சுரப்பிக்கு வெளியே பரவியிருக்கவில்லை. ஆபரேஷன், கதிர்வீச்சு இரண்டையும் பற்றிக் கேட்டுவிட்டு அவர்கள் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை தமிழரசி லேபுக்கு வந்தார். அப்பாவும் கூட இருந்தார்.

"மேடம், அந்த ஆர்.என்.ஏ. கேன்சர் செல்லுலதான் அதிகமா இருக்குன்னு சொன்னீங்க. அப்ப அதையே குறி வச்சு அடிக்க முடியாதா? கதிர் வச்சு எல்லாத்தையும் சேத்து சுடறதுக்கு, அது ஒண்ணை மட்டும் நிறுத்தலாமில்ல?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லேபில் வளர்க்கிற கேன்சர் செல்களில் பி.சி.ஏ. 3-ஐ அடக்கினால் அவற்றின் வளர்ச்சி குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி ஒட்டிக்கொள்கிற சிறு துண்டுகளைச் செய்து, அதைச் செயல்படாமல் ஆக்குவதுதான் வழி. புரதம் செய்யாத வேறு ஆர்.என்.ஏ.க்களிலும் இந்த முயற்சி நடக்கிறது. ஆனால் ரத்தத்தில் போட்டால் அந்தத் துண்டுகள் வழியிலேயே உடைகின்றன, அல்லது ஈரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. போக வேண்டிய செல்லுக்குள் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தாக அது இன்னும் வரவில்லை.

"எப்ப வரும்?"

"தெரியாதுங்க."

ஐயா குறுக்கே புகுந்தார்.

"விடு தமிழு. இப்போதைக்கு அது காட்டிக் குடுக்கற ஆளு. அடிக்கறதுக்கு வேற ஆளு. அம்மா பொய் சொல்லாம சொல்றாங்கல்ல."

கதிர்வீச்சுக்கு அவர் வேலை நாட்களில் தினமும் பஸ்ஸில் வந்துபோனார். எங்கள் லேப் வழியாகத்தான் அந்தப் பகுதிக்குப் போக வேண்டும். ஒருநாள் கதவருகே நின்றார்.

"ஏம்மா, நீங்க பாத்தவுடனே குடு, நிக்காதேன்னீங்க. அங்க தண்ணிய நெறையக் குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு வந்து படுங்கறான். ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிதானே? பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"அடக்கிட்டுத்தானேங்க போறீங்க?"

"பின்ன? ஏன்டாப்பா அடக்கச் சொல்றேன்னு மொத நாளே கேட்டுட்டேன். மூத்திரப்பை நெறைஞ்சு இருந்தா கொடலு தள்ளிப் போயிடுமாம். கதிரு கொடல்ல படாதாம். சொன்னான்ல, அப்பறம் எனக்கென்ன? பஸ்ஸு குலுக்கற குலுக்கல்ல உசுரு போவுது, அப்பவும் ஒரு சொட்டு விடல."

சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார். நின்று பேசுகிற நிலையில் அவர் இல்லை.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்றும் எழும்பாத சாம்பிளுக்கு இல்லை என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். பி.சி.ஏ. 3 கோட்டை மட்டும் பார்த்தால், நோய் இல்லாததும் சாம்பிள் இல்லாததும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவது, நோயாளியிடம் எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் முதல் சிறுநீர் என்ற அந்த ஒரு வரி இப்போது எங்கள் சீட்டில் இருக்கிறது. அதை நோயாளிக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நஸீமா டப்பாவை மாடிக்கு அனுப்புகிறாள்.